சயாட்டிகா வலியோடு வேலைக்குப் போகலாமா, மலை ஏறலாமா?

சகோதரி, உங்கள் கேள்வி மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 39. பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூருக்குச் சென்று, ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பிரிவில் எட்டு மணி நேரம் மெஷின் முன் உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள். ஆனி மாதத்தில் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் பிடித்த வலி, சில நாட்களில் வலது பிட்டத்துக்கு இறங்கி, தொடை வழியாகக் கெண்டைக்காலின் வெளிப்புறம் வரை வந்து, இப்போது கால் கட்டைவிரல் பக்கம் மரத்தாற்போல் இருக்கிறது. இப்படி இடுப்பில் நரம்பு வேர் பாதிக்கப்பட்டுக் காலுக்கு இறங்கும் வலியைத்தான் சயாட்டிகா என்கிறோம். நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில் ஜவ்வு பிதுங்கி நரம்பைத் தொடுவதாக எம்.ஆர்.ஐ. அறிக்கை சொல்கிறது. ஓரிடத்தில் மூன்று வாரம் படுத்தே இருக்கச் சொன்னார்கள். உறவினர் ஒருவரோ, உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் செயலிழந்துவிடும் என்கிறார். வேலைக்குப் போகலாமா, காலை நடையைத் தொடரலாமா, ஆண்டுதோறும் போவதுபோல் கார்த்திகை ஞாயிறன்று சோளிங்கர் பெரிய மலையைப் படியேறி நரசிம்மரைத் தரிசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலூர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக இயன்முறை சிகிச்சை அளித்துவரும் அனுபவத்தில் சொல்கிறேன்: மூன்றும் உங்களுக்கு முடியக்கூடியவையே. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு, வரிசை உண்டு. அந்த அளவை மற்றவர்கள் சொல்லும் பயமுறுத்தல்களையோ, எம்.ஆர்.ஐ. படத்தையோ வைத்துத் தீர்மானிக்காமல், உங்கள் கால் வலி மேலே ஏறுகிறதா கீழே இறங்குகிறதா என்பதை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பதிலில் நான் முக்கியமாகச் சொல்ல வருவது இதைத்தான்.

அதற்கு முன், காத்திருக்கவே கூடாத நிலைகளைச் சொல்லிவிட வேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, வருவது தெரியாமல் கசிந்தாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றியுள்ள இடம் மரத்துப்போனாலோ, வலியும் பலவீனமும் இரண்டு கால்களிலும் சேர்ந்து வந்தாலோ, அது முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை முழுவதும் நசுங்குவதன் அறிகுறி. நடு இரவானாலும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். இந்த நிலையில் நாட்கணக்கில் காத்திருக்க முடியாது, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அடுத்ததாக, பாதத்தை மேலே தூக்க முடியாமல் செருப்பு தரையில் தேயத் தொடங்கினால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம்: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் மட்டும் பத்து அடி நடந்து பாருங்கள், பிறகு உட்கார்ந்து இரண்டு கால் கட்டைவிரல்களையும் மேல்நோக்கித் தூக்கி, ஒருவரை அவற்றை அழுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு அழுந்தியிருப்பது பெரும்பாலும் ஐந்தாவது இடுப்பு நரம்பு வேர்; அதன் பலம் கட்டைவிரலிலும் பாதத்தைத் தூக்குவதிலும்தான் முதலில் தெரியும். வலது விரல் இடது விரலைப் போலவே தாங்கினால் நரம்பு வேலை செய்கிறது என்று பொருள். வாரத்துக்கு இரண்டு முறை இதைச் செய்யுங்கள். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவை சேர்ந்து வந்தால் அது ஜவ்வுப் பிரச்சினையாக இல்லாமல் முதுகெலும்புக் காசநோயாகவோ வேறு நோயாகவோ இருக்கலாம். நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது.

நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. ஆகவே அடுத்த பயத்துக்கு, அதாவது எம்.ஆர்.ஐ. அறிக்கைக்கு வருவோம். சயாட்டிக் நரம்பு உடலிலேயே பருமனானது. இடுப்பின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து, பிட்டத்தில் ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் தொடங்கி, காலுக்குள் இறங்குகிறது. அந்த வேர்களில் ஒன்றைப் பிதுங்கிய ஜவ்வு தொடும்போது வலி, இடுப்பைவிடக் காலில் அதிகமாகத் தெரியும். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதே இதற்குக் காரணமாகலாம் என்று அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் 1934-இல் எழுதினார்கள். அழுத்தம் மட்டுமல்ல, ஜவ்வின் உட்பொருள் நரம்பைச் சுற்றி உண்டாக்கும் அழற்சியும் வலிக்குக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. அழற்சி தணியக்கூடியது, அதனால்தான் படத்தில் பிதுக்கம் அப்படியே இருக்கும்போதும் பலருக்கு வலி போய்விடுகிறது. முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வில், நாற்பது வயதுக்காரர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஜவ்வு வீக்கம் இருந்தது. எனவே அறிக்கையில் உள்ள சொற்களைப் படித்து உங்கள் முதுகு உடைந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பெரிதாக வெளியே தள்ளிய ஜவ்வைத்தான் உடல் அதிகமாகக் கரைத்து உறிஞ்சுகிறது என்பதும், கேட்பதற்கு வியப்பாக இருந்தாலும், உண்மை. பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கால் வலி கணிசமாகக் குறைகிறது.

மூன்று வாரப் படுக்கை வேண்டாம். இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் படுத்தே கிடந்ததால் தொடைச் சதை வற்றி, எழுந்து நடக்கவே அஞ்சும் நிலையில் வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். சாதாரண இடுப்பு வலிக்குப் படுக்கை ஓய்வு எடுத்தவர்களைவிட, முடிந்தவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்று 1995-இல் பின்லாந்தில் கண்டறிந்தார்கள்; சயாட்டிகாவுக்கென்றே 1999-இல் நெதர்லாந்தில் செய்த ஆய்வில் இரண்டு வாரப் படுக்கையால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை. வலி தாங்க முடியாத முதல் ஓரிரு நாளில் அவ்வப்போது படுத்து எழுவதில் தவறில்லை. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாந்தோ, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்து இடப்பக்கம் ஒருக்களித்தோ படுங்கள். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

இனி அந்த அளவுகோல். நியூசிலாந்தைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கன்சி, 1950-களில் தற்செயலாகக் கவனித்து, பிறகு வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த விஷயம் இது: சில அசைவுகளைச் செய்யும்போது கால் வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கும், தொடையை விட்டுப் பிட்டத்துக்கும், கடைசியில் இடுப்பின் நடுவுக்கும் ஏறிக் குறுகும். அப்படிக் குறுகுபவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் காலில் குறைந்தால் அது நல்ல மாற்றம். பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். மாறாக, எந்தக் காரியத்தைச் செய்த பிறகு வலி முன்பைவிடக் கீழே, பாதம் வரை இறங்கி, அரை மணி நேரத்துக்கு மேல் அங்கேயே தங்குகிறதோ, அந்தக் காரியத்தின் அளவை அன்றே பாதியாகக் குறைக்க வேண்டும். நடை, தையல், படி, பஸ் பயணம் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஒரு சிறு நோட்டில் தினமும் இரவு, ‘இன்று வலி எதுவரை இறங்கியது, எதற்குப் பிறகு’ என்று ஒரே வரி எழுதி வையுங்கள்.

காலையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் உங்களைப் போன்ற பெண்களுக்குப் பெரும்பாலும் வலி கூடுவது அங்கேதான். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகு ஜவ்வுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். நாம் காலையில் சற்று உயரமாகவும் மாலையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையாகவும் இருப்பதற்குக் காரணமே அதுதான். அப்படி உப்பியிருக்கும் வேளையில் இடுப்பிலிருந்து குனிந்தால் ஜவ்வின் பின்புறத்தில் இழுவை மிக அதிகம். நம் ஊரில் எழுந்தவுடன் நடப்பது என்ன? முழங்காலை மடக்காமல் குனிந்து வாசல் பெருக்கி, சாணம் தெளித்து, அதே நிலையில் கால் மணி நேரம் கோலம் போடுகிறோம். அதையடுத்துப் பாத்திரம், அதையடுத்துத் துணி. எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதைத் தவிர்ப்பது மட்டுமே பலருக்கு வலியைக் கண்கூடாகக் குறைத்திருக்கிறது. கோலத்தை ஒன்றிரண்டு மாதம் வீட்டில் வேறொருவர் போடட்டும், அல்லது எழுந்து நடமாடிய பிறகு ஒரு முழங்காலை ஊன்றி நீங்களே சின்னதாகப் போடுங்கள். நின்றவாறு பெருக்கும் நீளக் கைப்பிடித் துடைப்பம் வாங்குங்கள். குடத்தை இடுப்பில் சாய்த்து எடுக்க வேண்டாம்; பாதியளவு நிரம்பிய இரண்டு சிறு வாளிகளை இரண்டு கையிலும், உடம்போடு ஒட்டி எடுத்துச் செல்லுங்கள். வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் தண்ணீர் எடுப்பது கௌரவக் குறைவான வேலை அல்ல என்பதையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும்.

நடைக்கு முதல் பதினைந்து நாள் தூரத்தைக் கணக்கிடாதீர்கள். கால் வலி இறங்காமல் எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். அது ஏழு நிமிடம் என்றால், ஐந்து ஐந்து நிமிடமாக ஒரு நாளில் நான்கு முறை நடங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். ரங்கநாதர் கோயிலைச் சுற்றியுள்ள சமதள வீதிகள் இதற்குப் போதும்; பாலாற்று மணலில் நடக்க வேண்டாம், கால் புதைந்து இடுப்பு இரு பக்கமும் ஆடும். கொஞ்சம் வேகமாக, கையை வீசி நடப்பது, வலிக்குப் பயந்து ஊர்ந்து நடப்பதைவிட முதுகுக்கு நல்லது. நம் பக்கத்து வெயிலை எண்ணிக் காலை ஏழுக்கு முன்போ மாலை ஆறுக்குப் பின்போ வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்பது எட்ட வேண்டிய இடம். ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்து நடத்தி, 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் படிப்படியாக நடைபழகியவர்களுக்கு வலி திரும்ப வர இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு வலி திரும்புவதற்குள்) 208 நாட்கள் ஆயின. பழகாதவர்களுக்கு 112 நாட்களிலேயே திரும்பியது. செலவில்லாத மருந்து இது. வலி போன பிறகும் இதைத்தான் விடக் கூடாது.

வேலைக்கு வருவோம். உட்காருவது, அதிலும் முன்பக்கம் சாய்ந்து உட்காருவது, நிற்பதைவிட ஜவ்வை அதிகமாக அழுத்துகிறது. அப்பர் தைக்கும்போது கண் ஊசியின் மேல், கை தோலின் மேல், வலது கால் பெடலின் மேல் இருக்கும். ஸ்டூலுக்கும் மெஷினுக்கும் இடைவெளி கூடினால் முதுகு வளைவதோடு வலது முழங்காலும் நீண்டு, ஏற்கெனவே புண்பட்ட நரம்பு நாள் முழுவதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ஸ்டூலை வயிறு மெஷின் மேசையைத் தொடும் அளவுக்கு அருகில் இழுங்கள். உட்காரும் உயரத்தை, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும்படி உயர்த்துங்கள். மடித்த கெட்டித் துணியோ தோல் துண்டுகளோகூட உதவும். சாய்மானம் உள்ள நாற்காலி கிடைத்தால் இடுப்புப் பள்ளத்தில் சுருட்டிய துண்டை வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அரை மணிக்கு ஒருமுறை எழுவது. மணிக்கு இத்தனை ஜோடி என்று கணக்கு வைத்திருக்கும் லைனில் அது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு வழி: அடுத்த பண்டிலைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காமல், எழுந்து இரண்டு அடி நடந்தால்தான் கிடைக்கும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எழும்போது இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, மெதுவாகப் பின்னால் ஐந்து முறை வளையுங்கள். முழுதாக அரை நிமிடம்கூட ஆகாது. பேன் பார்ப்பதுபோல் ஓயாமல் தலைகவிழ்ந்து உட்காரும் பீடித் தொழிலாளர்களுக்கும், குடியாத்தம் பக்கம் குழித்தறியில் நெய்பவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். பஸ்ஸில் பின் சக்கரத்தின் மேலுள்ள இருக்கையையும் கடைசி வரிசையையும் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். வலி மிகுந்த வாரத்தில் விடுப்பு தேவைப்பட்டால், இ.எஸ்.ஐ. காப்பீட்டில் சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்தவர்களுக்கு நோய்க்கால ஊதியமாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதம் கிடைக்கும், சான்றிதழை இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முறையாகப் பெறுங்கள்.

பயிற்சிகளில் முதலாவது, குப்புறப் படுத்தல். கன்னத்தைத் தரையில் சாய்த்து இரண்டு நிமிடம் படுங்கள். கால் வலி ஏறிக் குறுகினால் முழங்கைகளை ஊன்றித் தலையையும் மார்பையும் உயர்த்துங்கள். அதுவும் ஒத்துக்கொண்டால் உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டுப் பத்து முறை எழும்பி இறங்குங்கள். யோகா பழகியவர்களுக்கு இது மகராசனத்திலிருந்து புஜங்காசனத்துக்குப் போகும் வழிதான். இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை செய்யலாம். வலி பாதத்துக்கு இறங்கினால் இந்தப் பயிற்சி உங்களுக்கானது அல்ல, விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் ஒரே திசை ஒத்துவருவதில்லை, வயதானவர்களுக்கு முதுகெலும்பில் நரம்புகள் செல்லும் குழாய் குறுகியிருந்தால் முன்னால் வளைவதுதான் இதம் தரும். இரண்டு வாரம் கழித்து, மல்லாந்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவதையும், கை கால்களை ஊன்றி நின்று வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து கால்விரலைத் தொடுவது, நின்று குனிந்து பாதத்தைத் தொடுவது, மல்லாந்து எழுந்து உட்காருவது ஆகியவற்றை இப்போது தொடவே வேண்டாம். முதுகில் ஆளை ஏறி மிதிக்கச் சொல்வதும், சடக்கென்று திருகி எடுப்பதும் நரம்பு அழுந்திய நிலையில் ஆபத்து. எண்ணெய் தேய்த்து இதமாக உருவுவதாலும் வெந்நீர் ஒத்தடத்தாலும் சதைப் பிடிப்பு தளரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மரத்த இடத்தில் சூடு தெரியாது என்பதால் ஒத்தடத்தைக் கையால் சோதித்து வையுங்கள். இது வாயுவால் வந்த பிடிப்பு என்று உருளைக்கிழங்கையும் கொண்டைக்கடலையையும் ஒதுக்கத் தேவையில்லை. இடுப்பு பெல்ட்டைப் பஸ் பயணத்துக்கும் பாரம் தூக்கவும் சில வாரம் அணியலாம். நாள் முழுக்க அணிந்தால் சதை அதை நம்பிப் பலமிழக்கும்.

சோளிங்கர் பெரிய மலையில் 1,305 படிகள். இப்போது ஆடி மாதம். கார்த்திகைக்கு நான்கு மாதம் இருக்கிறது, அது போதுமான காலம். ஐப்பசி தொடங்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சமதளத்தில் முக்கால் மணி நேரம் கால் வலி இறங்காமல் நடக்க முடிகிறதா, குதிகால் நடையில் இரண்டு காலும் சமமா, ஒரு படியில் வலது காலை வைத்து அதன் பலத்திலேயே பத்து முறை ஏறி இறங்க முடிகிறதா. மூன்றும் ஆம் என்றால், வீட்டு மாடிப்படியிலோ சிறிய குன்றுக் கோயிலிலோ வாரத்துக்கு மூன்று நாள் ஐம்பது படியில் தொடங்கி, வாரா வாரம் கூட்டிப் பழகுங்கள். ரத்தினகிரி முருகன் கோயில் அதற்கு ஏற்ற இடம். மலையேறும் நாளில் விடியலில் தொடங்கி, முழங்காலை மடக்கி, உடம்பை இடுப்பிலிருந்து குனிக்காமல் மொத்தமாகச் சற்று முன்சாய்த்து ஏறுங்கள். வழியிலுள்ள மண்டபங்களில் நின்று பின்னால் வளைந்து ஓய்வெடுங்கள். கூடையையும் தண்ணீரையும் வேறொருவர் சுமக்கட்டும். களைத்த காலோடு இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியிலும் அதிர்ச்சி முதுகுக்கு ஏறுகிறது. இறங்குவதற்கு 2024-இல் திறந்த ரோப் காரைப் பயன்படுத்துங்கள்; கார்த்திகை ஞாயிறுகளில் அதற்கும் கூட்டம் இருக்கும், நேரம் ஒதுக்கி வையுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இந்த ஆண்டு மேலே போவதற்கும் ரோப் காரே போதும்.

மருந்தைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன், அது உங்கள் மருத்துவரின் பொறுப்பு. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சில நாட்களுக்கு நடமாட உதவும். வாரக்கணக்கில் கடையில் வாங்கி விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். நரம்பு வலிக்கென்று பரவலாகக் கொடுக்கப்படும் பிரிகாபலின், சயாட்டிகாவில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தரவில்லை என்று 2017-இல் வந்த ஆய்வு காட்டியது; தலைச்சுற்றல்தான் கூடியது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் தானாகச் சட்டென்று நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள். நரம்பு வேரின் அருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம் நிவாரணம் தரும்.

அறுவை சிகிச்சை பற்றி உறவினர் சொன்னது உங்கள் நிலைக்குப் பொருந்தாது. கால் பலம் குறைந்துகொண்டே போனால் அது தேவை. இல்லையென்றால் அது விரைவைப் பற்றிய முடிவே தவிர, காலைக் காப்பாற்றுவது பற்றிய முடிவு அல்ல. கடுமையான சயாட்டிகா உள்ள 283 பேரிடம் நெதர்லாந்தில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி வேகமாகத் தணிந்தது. ஓராண்டு முடிவில் இரு தரப்பினரும் ஏறக்குறைய சமமாகவே தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேர் அந்த ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. வலி தாங்க முடியாமல் அதைத் தேர்ந்தெடுப்பது தோல்வி அல்ல. வலி தொடங்கி ஆறு முதல் எட்டு வாரம் ஆன பிறகும் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குக் கால் வலி நீடித்தால் முதுகெலும்பு அறுவை மருத்துவரைச் சந்தித்துப் பேசுங்கள், போகும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு படச்சுருளையும், தினமும் ஒரு வரி எழுதிய அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.